பின்முற்றத்தில் கார் ஓடலாமா?

சங்கக் கட்டடத்தின் பின்முற்றத்தை மாதம் ஒரு ஞாயிறு பிற்பகல் தங்களுக்கு ஒதுக்கித் தர வேண்டும் என்று நம் உறுப்பினர் வீட்டுப் பிள்ளைகள் பதினொரு பேர் கையெழுத்திட்டு விண்ணப்பம் கொடுத்திருப்பதும், செயற்குழுவில் அது இருமுறை பேசப்பட்டு முடிவு எட்டாமல் ஒத்திவைக்கப்பட்டிருப்பதும் அன்பர்கள் அறிந்ததே. வானொலி அலையால் இயங்கும் சிறிய கார்களை அங்கே ஓட்ட வேண்டுமாம். பிள்ளைகள் இவற்றை ஆர்.சி. கார் என்கிறார்கள். ஓட்டுவதற்கு முன் அவற்றைக் கட்டவும், ஓட்டிய பின் பழுது பார்க்கவும் பழைய நூலக அறையில் ஒரு நீள மேசை வேண்டுமாம்.

இதற்கிடையில் அதே அறையை நுழைவுத் தேர்வுப் பயிற்சி நடத்தும் ஒருவர் மாத வாடகைக்குக் கேட்டிருக்கிறார். பொருளாளருக்கு அந்த வாடகை மிகவும் தேவை. கூரை ஒழுகுவதை எல்லாரும் பார்த்திருக்கிறோம்.

"பொம்மைக் கார் ஓட்டவா தமிழ்ச் சங்கம்?" என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. பதில் சொல்லாமல் மேசை கேட்பது சரியல்ல. இந்த இதழில் கருத்து எழுத இடம் கொடுத்திருப்பதால் என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொடுக்க வேண்டும், ஆனால் பிள்ளைகள் கேட்டபடி அல்ல. மேசை முதலில், முற்றம் பிறகு. தன் கையால் கட்டிய கார் மட்டுமே அங்கே ஓட வேண்டும். கடையிலிருந்து ஓடும் நிலையில் வாங்கி வந்ததற்கு இடமில்லை.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்துவிட்டு 1981-ல் பிம்ப்ரிக்கு வந்தவன் நான். ஒரு மோட்டார்த் தொழிற்சாலையின் டூல் ரூமில் முப்பத்து நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தேன். இரும்புத் தகட்டில் சதுர ஓட்டை போட்டு, இன்னொரு சதுரத்தை வெளிச்சம் தெரியாமல் அதற்குள் பொருத்துவதுதான் எங்களுக்கு முதல் பாடம். கையில் அரமும், கண்ணெதிரே வெளிச்சமும்தான் ஆசிரியர்கள்.

எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பது தெளிவாக வேண்டும். திருவிழாக் கடையிலும் பெரிய அங்காடியிலும் ஒரு ரிமோட் கார் கிடைக்கும். பொத்தானை அழுத்தினால் முழு வேகம், விட்டால் நிற்கும். சக்கரம் இடது கோடிக்குப் போகும், வலது கோடிக்குப் போகும். இடைப்பட்டது ஒன்றும் கிடையாது. உள்ளே ஒரு கம்பி அறுந்தால் குப்பைக்குத்தான் போக வேண்டும். அதைப் பொம்மை என்று சொன்னால் எனக்கு மறுப்பில்லை. பொழுதுபோக்காக இதில் ஈடுபடுகிறவர்கள் ஓட்டுவது வேறு. அதில் ஒவ்வோர் உறுப்பையும் தனியே கழற்றலாம், மாற்றலாம். விரல் எவ்வளவு அசைகிறதோ அவ்வளவே சக்கரம் திரும்பும், வேகமும் அப்படியே. இதிலும் இரண்டு விதம். ஒன்று பெட்டியைத் திறந்ததும் ஓட்டத் தயாராக வருவது. மற்றது வெறும் உறுப்புகளாக வருவது. வாங்கியவர்தான் கட்ட வேண்டும். நான் வாதாடுவது இந்த இரண்டாவதற்காக.

மூன்று ஆண்டுகளுக்கு முன் என் மருமகன் பேரனுக்கென்று அப்படி ஒரு பெட்டி வாங்கி வந்தார். அசலில் பத்தில் ஒரு பங்கு அளவு, நான்கு சக்கரமும் இழுக்கும் வகை. பெட்டியில் சட்டங்களோடு ஒட்டிய பிளாஸ்டிக் உறுப்புகள், ஏ, பி, சி என்று குறியிட்ட பைகளில் திருகாணிகளும் பல்சக்கரங்களும், ஒரு மோட்டார், கண்ணாடிபோல் தெளிந்த ஒரு மேற்கூடு, படங்கள் நிறைந்த குறிப்பேடு ஒன்று. எங்கள் சாப்பாட்டு மேசையில் ஒன்பது மாலைகள் பிடித்தன.

தொடக்கத்திலேயே கட்ட வேண்டியிருந்தது டிஃபரென்ஷியல். வண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். உட்பக்கச் சக்கரம் குறைவாக. இரண்டையும் ஒரே அச்சில் இறுக்கிவிட்டால் ஏதாவது ஒன்று தரையில் வழுக்கித்தான் ஆக வேண்டும். அந்தச் சிக்கலைத் தீர்ப்பது கூம்பு வடிவப் பல்சக்கரங்களின் ஒரு கூட்டம். நாம் தெருவில் பார்க்கும் லாரியின் பின்னச்சு நடுவே பானைபோல் உப்பியிருக்கிறதே, அதற்குள் இருப்பதும் இதுதான். எங்கள் மேசையில் இருந்தது எலுமிச்சம்பழ அளவு.

கட்டி முடித்ததும் பேரனிடம் சொன்னேன்: "ஒரு பக்கத்து அச்சை அசையாமல் பிடித்துக்கொண்டு நடுவில் இருக்கும் பெரிய சக்கரத்தைச் சுற்று." மறுபக்கத்து அச்சு இரு மடங்கு வேகத்தில் சுற்றிற்று. "இப்போது பெரிய சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கத்து அச்சைச் சுற்று." மறுபக்கம் எதிர்த்திசையில் சுற்றிற்று. எத்தனை தடவை செய்து பார்த்தான் என்று நான் எண்ணவில்லை. இரவுச் சாப்பாடு ஆறிப்போயிற்று. என் மனைவி இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டினாள்.

எங்கள் தொழிற்சாலைக்குப் பயிற்சிக்கு வரும் பட்டதாரிகளிடம் நான் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. ஒரு பின்சக்கரம் சேற்றில், மற்றது கெட்டித் தரையில். வண்டி ஏன் நகரவில்லை? நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளைகள்தாம். சமன்பாடு எழுதச் சொன்னால் எழுதுவார்கள். இப்போது எந்தச் சக்கரம் சுற்றும் என்று கேட்டால் மேலே பார்ப்பார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. இருபத்திரண்டு வயதுவரை எவரும் அவர்கள் கையில் அதைக் கொடுக்கவில்லை, அவ்வளவே. என் பேரனுக்கு அப்போது பதினொரு வயது. சேற்றில் இருப்பதுதான் சுற்றும் என்று சொல்ல அவனுக்குச் சமன்பாடு வேண்டியிருக்கவில்லை.

அடுத்து மோட்டாரின் சின்னப் பல்சக்கரத்தைப் பெரியதோடு சேர்க்கும் வேலை. மிக நெருக்கிப் பொருத்தினால் சிணுங்கும், சூடேறும். தள்ளிப் பொருத்தினால் பல் தேய்ந்துவிடும். இதற்கு இந்தப் பொழுதுபோக்குக்காரர்கள் ஒரு உபாயம் வைத்திருக்கிறார்கள். ஒரு துண்டுக் காகிதத்தை இரண்டு பல்வரிசைகளுக்கும் நடுவே விட்டு, மோட்டாரை நெருக்கி முடுக்கிவிட்டு, காகிதத்தை உருவிவிட வேண்டும். காகிதத்தின் கனமே இடைவெளி. டூல் ரூமில் நாங்கள் ஃபீலர் கேஜ் என்ற எஃகு இதழ்களை வைத்துச் செய்த வேலையைப் பழைய பில் ஒன்று செய்துவிட்டது.

திருகாணி விஷயத்தையும் சொல்ல வேண்டும். ஜப்பானியப் பெட்டியில் வரும் திருகாணியின் தலையில் இருக்கும் கூட்டல் குறி, நாம் வழக்கமாக வைத்திருக்கும் திருப்புளியின் கூட்டல் குறிக்கு ஒத்தது போலத் தோன்றும், ஒத்திராது. அவர்களுடைய தரம் வேறு. நம் திருப்புளி அதில் முழுதாக அமராமல் வழுக்கி மேலேறித் தலையை மழித்துவிடும். என் மருமகன் மூன்று திருகாணிகளை அப்படி மழித்த பிறகு நான் திருப்புளியின் நுனியை எண்ணெய்க்கல்லில் கொஞ்சம் தேய்த்துக் கொடுத்தேன். உலோகத்தில் இறங்கும் திருகாணிக்கு ஒரு சொட்டுப் பிடிப்புப் பசை வேண்டும், இல்லாவிட்டால் அதிர்விலேயே கழன்றுவிடும். பிளாஸ்டிக்கில் இறங்குவதற்கு அதே பசை ஆகாது, பிளாஸ்டிக்கையே வெடிக்க வைத்துவிடும். இதெல்லாம் எந்தத் தேர்விலும் வராது.

மேற்கூட்டுக்கு வண்ணம் பூசுவது தனிக் கலை. தெளிந்த பாலிகார்பனேட் கூடு அது. வண்ணம் வெளிப்பக்கம் அல்ல, உட்பக்கம் பூச வேண்டும். ஆகவே எல்லாம் தலைகீழ். கடைசியில் கண்ணுக்குத் தெரிய வேண்டிய கோடும் புள்ளியும் முதலில்; கரு நிறங்கள் அதற்கடுத்து; பின்னணி எல்லாவற்றுக்கும் பிறகு. தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியம் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. கண்ணாடியின் பின்புறத்தில் கண்ணின் கருமணியை முதலில் வைத்து, முகத்தின் நிறத்தைப் பிறகு தீட்டுகிறார்களே, அதே முறை. எதிர் வீட்டில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி இதைப் பார்த்துவிட்டுத்தான் எங்கள் மேசைக்கு வந்து சேர்ந்தாள். கோலம் போடும் கை. இன்று நம் பிள்ளைகளில் பற்றவைப்பு வேலை, அதாவது சால்டரிங், மிகச் சுத்தமாகச் செய்பவள் அவள்தான். பதினொரு கையெழுத்தில் முதல் கையெழுத்து அவளுடையது.

அலைவரிசை விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கையில் இருக்கும் கருவி காருக்கு விநாடிக்கு ஏறத்தாழ ஐம்பது துடிப்புகள் அனுப்புகிறது. துடிப்பின் நீளம் ஒன்றரை மில்லி விநாடி என்றால் சக்கரம் நேராக நிற்கும். ஒன்றுக்குக் குறைந்தால் ஒரு கோடி, இரண்டுக்கு நீண்டால் மறு கோடி. வேகத்துக்கும் இதே மொழிதான். முன்பு 27 மெகாஹெர்ட்ஸில் ஓட்டிய காலத்தில் இரண்டு பேர் ஒரே படிகத்தை வைத்திருந்தால் ஒருவர் காரை மற்றவர் இழுத்துக்கொண்டு போவார். இப்போது 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒவ்வொரு கருவியும் தன் காரை மட்டுமே அடையாளம் கண்டுகொள்கிறது. குறைந்த திறனில் அந்த அலைவரிசையைப் பயன்படுத்த உரிமம் தேவையில்லை என்று நம் நாட்டில் 2005-ல் விதி வந்துவிட்டது. ஆகவே "இது வயர்லெஸ் ஆயிற்றே, போலீஸ் வருமா?" என்று செயற்குழுவில் கேட்ட அன்பர் நிம்மதியாக இருக்கலாம்.

இந்தப் பொழுதுபோக்கு நேற்று வந்ததுமல்ல. இத்தாலியில் எல்ஜி என்ற சிறு நிறுவனம் 1966-லேயே இப்படிப்பட்ட ஃபெராரி ஒன்றை விற்றது. இதை உலகெங்கும் வீட்டுக்குள் கொண்டுவந்தது ஜப்பானின் ஷிஸுவோகா நகரத்துத் தமியா நிறுவனம். அவர்கள் 1946-ல் தொடங்கியது மர வியாபாரம். மரத்தில் மாதிரிகள் செய்யத் தொடங்கி, பிளாஸ்டிக் வந்து மரத்தின் பிழைப்பைக் கெடுத்தபோது 1960-ல் பிளாஸ்டிக்குக்கு மாறினார்கள். அவர்களுடைய முதல் வானொலிக் கார் 1976-ல் வந்த போர்ஷ 934. அதைச் சரியாகச் செய்வதற்காக ஷுன்சாகு தமியா அசல் போர்ஷ 911 ஒன்றை விலைக்கு வாங்கி, அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றிப் பார்த்தார். 2025-ல் தொண்ணூறாவது வயதில் அவர் மறைந்தபோது உலகம் முழுவதும் நரைத்த தலைக்காரர்கள் வருந்தினார்கள். எண்பதுகளில் அவர் பெட்டியைத் திறந்து கிராஸ்ஹாப்பர் கட்டிய சிறுவர்கள் அவர்கள்.

நிற்க. மறுப்புகளுக்கு வருகிறேன்.

பொம்மை என்ற சொல்லை நம் பெரியவர் மட்டும் சொல்லவில்லை. சுங்கத் துறையும் அப்படித்தான் சொல்கிறது. உலக நாடுகள் பின்பற்றும் சுங்கப் பட்டியலில் 9503 என்ற தலைப்பு ஒன்று. முச்சக்கர சைக்கிள், பொம்மை வண்டி, பொம்மை, ஓடுகிற அல்லது ஓடாத சிற்றளவு மாதிரி, புதிர் எல்லாம் அதில் ஒன்றாகக் கட்டிப் போடப்பட்டிருக்கின்றன. நம் நாட்டில் பொம்மைகளுக்கான அடிப்படை வரியை 2020-ல் 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆக்கினார்கள்; 2023-ல் 70. தரமில்லாத மலிவுச் சரக்கைத் தடுத்து, உள்நாட்டுத் தொழிலை வளர்க்க வேண்டும் என்ற நோக்கம் நல்லதுதான். ஆனால் கிலுகிலுப்பையையும், ஒரு பையன் ஒன்பது நாள் உட்கார்ந்து கட்டும் டிஃபரென்ஷியலையும் ஒரே தராசில் வைத்தால் அடிபடுவது இரண்டாவதுதான். அது கிட்டத்தட்ட ஒரு பயிற்சிப் பட்டறையின் உபகரணம். கல்விச் சாதனம் என்று அதற்குத் தனி வரிசை கேட்பதில் தவறில்லை என்பது என் எண்ணம்.

செலவு பற்றிய மறுப்புதான் உண்மையில் கனமானது. நல்ல ஜப்பானியப் பெட்டி நம் கைக்கு வந்து சேரும்போது ஒரு நடுத்தரக் கைப்பேசியின் விலையைத் தொடுகிறது. போதாததற்கு, பெரும்பாலான பெட்டிகளில் கைக்கருவியும் மின்கலமும் சார்ஜரும் இருக்காது. தனியே வாங்க வேண்டும். பெட்டியின் மேல் இருக்கும் விலையைப் பார்த்து ஏமாறும் தகப்பன்மார் பலர். நம் உறுப்பினர்களில் கட்கி தளவாடத் தொழிற்சாலையில் ஓய்வு பெற்ற குடும்பங்களும் இருக்கின்றன, மென்பொருள் சம்பளக் குடும்பங்களும் இருக்கின்றன. ஆளுக்கொரு கார் என்று போனால் மேசையில் இரண்டு சாதி உண்டாகிவிடும். ஆகவே பெட்டி சங்கத்துடையதாக இருக்கட்டும். ஒரு பெட்டிக்கு நான்கு பேர். கட்டி, ஓட்டி, முழுவதும் கழற்றித் துடைத்து, அடுத்த நான்கு பேருக்குக் கொடுக்க வேண்டும். கட்டுவதில்தானே பயன், ஒரு பெட்டியை ஆறு முறை கட்டலாம்.

பெட்டி இல்லாமலும் செய்யலாம். புதவார் பேட்டையில் தப்கீர் கல்லியில் ஒரு மணி நேரம் சுற்றினால் கம்பியும் சுவிட்சும் கிடைக்கும். அக்கம்பக்கத்துக் கடைகளில் சிறு மோட்டாரும் கிடைக்கும். அலுமினியத் தகடும் பி.வி.சி. பலகையும் இந்த ஊரில் பஞ்சமில்லை. முப்பரிமாண அச்சு இயந்திரம் வைத்திருக்கும் இளைஞர்கள் சட்டகத்தையே அச்சிட்டுத் தருகிறார்கள். நல்லதுதான், ஆனால் வழக்கமாக அச்சிடும் பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக் 60 டிகிரியை நெருங்கினாலே இளகிவிடும். சூடேறிய மோட்டாரைத் தாங்கும் பகுதியை அதில் செய்துவிட்டு, சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் வைத்துவிட்டுப் போனால், மாலையில் மோட்டார் சாய்ந்து படுத்திருக்கும்.

ஆபத்து என்ற மறுப்பையும் அலட்சியம் செய்யக் கூடாது. இங்கே நான் பிள்ளைகளுக்கு எதிர்க்கட்சி. விண்ணப்பத்தில் லித்தியம் பாலிமர் மின்கலம் கேட்டிருக்கிறார்கள். கனம் குறைவு, வேகம் அதிகம் என்பது உண்மை. ஆனால் அதன் ஒவ்வோர் அறையும் 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏறக் கூடாது, 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. மோதி நசுங்கினாலோ, தவறான சார்ஜரில் போட்டாலோ தீப்பிடிக்கும். அந்தத் தீ எளிதில் அடங்காது. உப்பிய மின்கலத்தை "இன்னும் ஒரு ரவுண்டு" என்று ஓட்டுகிற வயது அவர்களுடையது. எனவே சங்கக் கட்டடத்தில் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு மின்கலம் மட்டும். ஆறு அறைகள், 7.2 வோல்ட், சற்றுக் கனம், அடக்கமான குணம். சார்ஜ் ஏறும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். அறையைப் பூட்டிவிட்டுத் தேநீர் குடிக்கப் போகக் கூடாது.

நைட்ரோ என்ஜின் கேட்டிருப்பதற்கும் என் வாக்கு இல்லை. மெத்தனாலும் நைட்ரோமீத்தேனும் கலந்த எரிபொருள், இரண்டு ஸ்ட்ரோக் அலறல், புகை. சுற்றிலும் குடியிருப்புகள். முதல் ஞாயிறே கடைசி ஞாயிறாகிவிடும்.

வேகத்தைப் பற்றிப் பிள்ளைகள் அடிக்கும் ஒரு பேச்சையும் திருத்த வேண்டியிருக்கிறது. 1/10 அளவுக் கார் மணிக்கு 30 கிலோமீட்டர் ஓடினால் அது 300 கிலோமீட்டருக்குச் சமம் என்கிறார்கள். சமம் அல்ல. கார் சிறுத்தாலும் பூமியின் ஈர்ப்பு சிறுக்கவில்லை. சினிமாவில் மாதிரிக் கட்டடம் இடிவதைப் படம் பிடிப்பவர்களுக்கு இந்தக் கணக்குத் தெரியும். பத்தின் வர்க்கமூலமான மூன்று சொச்சம் மடங்கு வேகமாகப் படம் பிடித்து, மெதுவாக ஓட்டிக் காட்டுவார்கள். அப்படிப் பார்த்தால் 30 என்பது 95-க்குச் சமம். அதுவே போதுமானது. ஒன்றரைக் கிலோ எடை 30 கிலோமீட்டர் வேகத்தில் கணுக்காலில் மோதினால் என்ன ஆகும் என்பதற்குக் கணக்கே வேண்டாம். ஓட்டுகிறவர்கள் மேடைமேல் நிற்க வேண்டும். பார்க்கிறவர்கள் கயிற்றுக்கு அப்பால்.

இன்னொன்று, பெட்டி கட்டி இரண்டு மாதம் ஆனதும் ஒரு மோகம் பிடிக்கும். நீலச் சாயம் பூசிய அலுமினிய உறுப்புகளை ஒவ்வொன்றாக வாங்கி மாட்டுவது. பார்க்க அழகுதான். ஆனால் சுவரில் மோதும்போது மலிவான பிளாஸ்டிக் கை உடைந்து, அதோடு விஷயம் முடிந்துவிடும். வீட்டு ஃபியூஸ் போல. அங்கே அலுமினியத்தைப் போட்டால் அது உடையாமல் அடியை உள்ளே கடத்திச் சட்டகத்தைப் பிளக்கும். மேசையில் உடைந்த பிளாஸ்டிக் கையை மாற்றப் பத்து நிமிடம். நாங்கள் மாற்றிப் பார்த்திருக்கிறோம். வாங்கி மாட்டுவதைப் பொழுதுபோக்கு என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அது கடைக்காரருடைய பொழுதுபோக்கு.

இனிப் பெரியவரின் கேள்வி: இதற்கும் தமிழுக்கும் என்ன தொடர்பு?

நம் பிள்ளைகள் படிப்பது ஆங்கிலத்தில். தெருவில் பேசுவது மராத்தியும் இந்தியும். அவர்களிடம் இருக்கும் தமிழ் வீட்டுத் தமிழ். அது சாப்பாட்டையும் தூக்கத்தையும் ஊருக்குப் போவதையும் சுற்றியே நிற்கிறது. சாப்பிட்டாயா, தூங்கினாயா, பாட்டிக்குப் போன் பண்ணினாயா. ஞாயிறு காலைத் தமிழ் வகுப்பில் எழுத்து கற்கிறார்கள். பாராட்டத்தக்க பணி, அதை நடத்தும் ஆசிரியைகளுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் ஒரு வேலையைத் தமிழில் செய்யும் சந்தர்ப்பம் அவர்களுக்கு எங்கே கிடைக்கிறது?

எங்கள் மேசையில் அது தானாக வந்தது. நான் திட்டமிடவில்லை, எனக்கு வேலை தெரிந்த மொழி அதுதான். முடுக்கு, தளர்த்து, நெம்பாதே, அராவு, கோத்துப் பார், இன்னும் ஒரு சுற்று விடு. சக்கரத்தை ஆட்டிப் பார்த்து "ஆட்டம் இருக்கு தாத்தா" என்று எதிர் வீட்டுப் பெண் சொன்ன அன்று, பேரிங்கில் இருந்த இடைவெளிக்கு அவளிடம் வேறு சொல் இல்லை. திருகாணியின் உடம்பில் ஓடும் சுற்றுக்கு மரை என்று பெயர் சொன்னேன். "அப்போ மரை கழண்டவன்னு அப்பா சொல்றது இதைத்தானா?" என்று பேரன் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தான். பத்து வருஷமாகக் காதில் விழுந்துகொண்டிருந்த வசவுக்கு அன்றுதான் உருவம் கிடைத்தது. சில சொற்களுக்கு என்னிடமும் தமிழ் இல்லை. டிஃபரென்ஷியலை டிஃபரென்ஷியல் என்றுதான் சொன்னோம். அதனால் யாருக்கும் குறைவு வரவில்லை.

நம்மில் பலருடைய தகப்பனார்கள் இந்த ஊருக்கு வந்ததே பட்டறை வேலைக்குத்தான். அவர்கள் தமிழ் பேசிக்கொண்டேதான் கடைசல் இயந்திரத்தின் முன் நின்றார்கள். பேரப்பிள்ளைகளுக்குத் திருப்புளி பிடிக்கத் தெரியாமல் போயிற்று. அந்தச் சொற்களும் கூடவே போய்விட்டன. சங்கத்தில் இளைஞர் வரவில்லை என்று ஒவ்வோர் ஆண்டு அறிக்கையிலும் எழுதுகிறோம். இப்போது பதினொரு பேர் தாங்களாகவே கதவைத் தட்டுகிறார்கள். அதுவும் எழுத்துமூலம், தமிழில். நாலு எழுத்துப் பிழை இருந்தது, இருக்கட்டும்.

நுழைவுத் தேர்வுப் பயிற்சிக்கு நான் எதிரி அல்ல. என் மகளும் அந்த வழியாகத்தான் பொறியியல் சேர்ந்தாள். ஆனால் அந்த வகுப்பு இந்த அறை இல்லாவிட்டால் வேறு அறையில் நடக்கும்; இந்தத் தெருவிலேயே அப்படி நான்கு பலகைகள் தொங்குகின்றன. மேசை நடக்க இந்த ஊரில் வேறு இடம் இல்லை. பொருளாளரின் கவலையும் தீர வேண்டும் என்பதால் என் யோசனை இது: திங்கள் முதல் சனி வரை மாலை வேளைகளில் அறையை வாடகைக்கு விடுங்கள், ஞாயிறு முழுவதும் அறை பிள்ளைகளுக்கு. வாடகைதாரர் கொஞ்சம் குறைத்துக் கேட்பார், கேட்கட்டும். முதல் இரண்டு பெட்டிகளுக்கான தொகையைப் பொதுநிதியிலிருந்து எடுக்க வேண்டாம். ஓய்வு பெற்றவர்கள் ஆறு பேர் பகிர்ந்துகொள்வதாகச் சொல்லியிருக்கிறோம். முற்றத்தை நான்கு மாதம் கழித்து, முதல் கார் கட்டி முடிந்த பிறகு கொடுத்தால் போதும். அதற்குள் வடக்குச் சுவரோரம் கிடக்கும் உடைந்த நாற்காலிகளை அகற்ற வேண்டும்.

மேசைக்கு என் பழைய வைஸைத் தருகிறேன். நான்கு அங்குல வாய், இன்னும் ஆட்டம் இல்லை. அதைப் பொருத்தப் பலகை ஒன்றரை அங்குலக் கனமாவது இருக்க வேண்டும். நூலக அறையில் இப்போது கிடக்கும் பிளைவுட் மேசை தாங்காது. பலகை யார் வீட்டிலாவது சும்மா கிடந்தால் செயலாளரிடம் சொல்லுங்கள். அறுத்து இழைத்துக்கொள்வது என் பொறுப்பு.